நூலகத் தந்தை அரங்கநாதன்

நம் கோவை அரசுக் கல்லூரியில் ஒரு காலத்தில் கணிதம் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவர், பின்னாளில் இந்திய நூலகத் தந்தை என்று போற்றப்பட்டார். அவரே சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது நாக்குத் திக்கும் குறையும் அவருக்கு இருந்தது. எனினும் மனம் தளராமல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்துக் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோவை, சென்னை ஆகிய ஊர்களில் ஆசிரியராகப் பணியாற்றினார். வகுப்பறையே அவருக்கு உலகம்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். மாணவர் முகம் காணாத அந்தத் தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. சில நாட்களிலேயே, ஆசிரியப் பணிக்கே திரும்ப அனுமதி கேட்டார். முதலில் இலண்டனுக்குச் சென்று நூலகக் கல்வி பயில வேண்டும். அதன் பின்னும் விருப்பம் இல்லையெனில் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

அந்தப் பயணமே அவர் மனத்தை மாற்றியது. தொழிலாளர், இல்லத்தரசியர், சிறுவர் சிறுமியர் எனப் பலரும் நூலகங்களுக்கு வந்து நூல்களை எடுத்துச் செல்வதை இங்கிலாந்தில் கண்டார். நூலகர் புத்தகங்களுக்குக் காவலர் அல்லர், மக்களுக்குத் தொண்டர் என்று உணர்ந்தார். 1925-இல் தாயகம் திரும்பியவர் ஆசிரியப் பணியை மீண்டும் கேட்கவில்லை.

வாசகர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931-இல் வெளிவந்த அவரது நூலக விதிகள் ஐந்தும் உலகப் புகழ் பெற்றன. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை, ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பவை அவற்றுள் மூன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி ஒன்று நூல்களைச் சுமந்து கிராமங்களுக்குச் சென்றது.

பொது நூலகங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். அந்தக் கனவை நனவாக்கியவர் நம் கொங்கு நாட்டவரே! திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே இத்தகைய முதற் சட்டம். வீட்டு வரியுடன் மக்கள் செலுத்தும் சிறு தொகையும் நூலகங்களை வளர்த்தது.

தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை, துணைவியார் சாரதாவின் பெயரால் நூலகக் கல்விக்கே அளித்த அப்பெருமகனார் 1972-இல் மறைந்தார்.

அன்புத் தோழியரே! ஒருமுறை படித்து மூடிய நூல்கள் நம் வீட்டு அலமாரிகளில் எத்தனை? தெருவில் பத்து வீட்டார் ஆளுக்கு இரண்டு நூல் கொடுத்தால் இருபது நூல்கள் சேரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் மாற்றிக்கொள்ளலாம். படிப்பை நிறுத்திவிட்டு மில் வேலைக்குச் செல்லும் அக்காவும், பேச்சுத் துணையின்றி இருக்கும் பாட்டியும் அங்கு வருவார்கள். நூல்கள் கைமாறும்போது அயலார் உறவினர் ஆவார்கள். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி, நம் அலமாரியைத் திறப்பதில் தொடங்கட்டும்.