ஏழைக் குடியானவர்களின் தோழர் ரைபைசன்

சம்பள நாளுக்கு முன்பே கைக்காசு தீர்ந்துபோய், வட்டிக்கு வாங்கி, அந்த வட்டி குட்டி போட்ட கதை தோட்டப்புறத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஜெர்மனி நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான்.

அந்நாட்டில் வெஸ்டர்வால்ட் என்றொரு மேட்டு நிலம். கல்லும் குளிரும் மிகுந்த வறட்டுப் பூமி. அங்கே ஹாம் என்னும் சிற்றூரில் 1818 மார்ச் 30ஆம் நாள் பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைபைசன் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. பதினேழு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். கண்நோய் வந்ததால் அந்த வேலையை விட நேர்ந்தது. 1845இல் வையர்புஷ் என்ற வட்டாரத்துக்குத் தலைவராக அரசாங்கம் அவரை அமர்த்தியது. போனதும் அவர் கவனித்த காரியங்களில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது!

1846-47 குளிர்காலத்தில் பெரும் பஞ்சம். அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவு. ரொக்கம் இருந்தால் ஏன் பட்டினி கிடக்கிறான்? ரைபைசன் உத்தரவை ஒதுக்கிவிட்டு, தம் பொறுப்பிலேயே ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டிப் பொது அடுப்பு கட்டி, குறைந்த விலைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல் அது.

பஞ்சம் போயிற்று, கடன் போகவில்லை. மாட்டு வியாபாரி மாட்டைக் கடனுக்குக் கொடுப்பான். தவணை தவறினால் மாடும் போகும், நிலமும் போகும். ஆகவே 1849இல் பிளாமர்ஸ்பெல்ட் ஊரில் ஒரு சங்கம் அமைத்தார். சுமார் அறுபது வசதிக்காரர்கள் பிணை நின்றார்கள். சங்கம் மாடு வாங்கிக் கொடுக்கும். குடியானவர் சிறுகச் சிறுகக் கட்டுவார். 1854இல் ஹெடெஸ்டார்ப் ஊரிலும் அப்படியொரு தருமச் சங்கம் தொடங்கினார்.

இங்கேதான் அவருக்குச் சோதனை. பணக்காரர்களின் உற்சாகம் நாளடைவில் குறைந்தது. தருமத்தையே நம்பி இருந்த மனிதர், அது நெடுநாள் ஓடாது என்பதை மெல்ல மெல்ல, மனசில்லாமலே ஒப்புக்கொண்டார். தம் தவற்றைத் தாமே திருத்திக்கொண்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1864இல் அதைக் கடன் சங்கமாக மாற்றி, கடன் வாங்குகிறவர்களையே அங்கத்தினர் ஆக்கினார்.

ஏழைக்கு ஈடு வைக்க என்ன இருக்கிறது? ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, அதுதான் ஈடு. சங்கம் ஓர் ஊர் அளவில் இருக்கும். ஆகவே யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்பது எல்லாருக்கும் தெரியும். விதைக்கும் மாட்டுக்கும் கடன் உண்டு. வெட்டிச் செலவுக்குக் கிடையாது. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபத்தைப் பங்கு போடாமல் பொது நிதியில் சேர்த்தார்கள்.

1863இல் மனைவி எமிலி காலமானார். பார்வை மேலும் மங்கியதால் 1865இல் ஓய்வு பெற்றார், வயது நாற்பத்தேழுதான். அவர் சொல்லச் சொல்ல மகள் அமாலியா எழுத, 1866இல் கடன் சங்கங்களைப் பற்றிய நூல் வெளிவந்தது. தகப்பனாருக்குக் கண்ணாக இருந்த அந்தப் பெண் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பாருங்கள்! ரைபைசன் 1888 மார்ச் 11இல் மறைந்தார்.

சென்னை அரசாங்கம் அனுப்பிய பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பா சென்று இந்தச் சங்கங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் அறிக்கை தந்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1922இல் மலாயாவுக்கும் கூட்டுறவுச் சட்டம் வந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் மாதாமாதம் கட்டிய சிறு தொகையால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அந்தப் பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டிக்குள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த தாத்தா பாட்டிமார், உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள்; கேட்டுப் பாருங்கள்.