ரமணாசிரமத்தில் சாதுவாக இருந்த 'காலண்டர் ஓவியர்' கொண்டையராஜு

திருவண்ணாமலை:
காலண்டர் சாமி படம் மாட்டாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. முருகன், லட்சுமி, சரஸ்வதி என்று அந்த படங்களை வரைந்து புகழ் பெற்றவர் ஓவியர் சி.கொண்டையராஜு. இவர் திருவண்ணாமலையில் சாதுவாக இருந்தவர் என்பது பலருக்கு தெரியாத சங்கதி.

1898-ல் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். மனித முகத்தை அச்சு அசலாக வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் மனசு ஆன்மிகத்தில் போனது. ரமண மகரிஷியை தேடி வந்து ஆசிரமத்தில் தங்கினார்.

நாடக கம்பெனி

சாமியாராக இருந்தும் தூரிகையை விட முடியவில்லை. ஊர் ஊராக போகும் நாடக கம்பெனியில் சீன் படுதா வரைய சேர்ந்தார். 1940-களில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தது. வேலை போச்சு, கையில் காசு இல்லை. ஆனாலும் ஊரை விட்டு போகவில்லை. சீடர்களுடன் அங்கேயே தேவி ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கினார். சாதாரண ஜனங்கள் போட்டோ எடுக்க வந்தார்கள்.

பக்கத்தில் உள்ள சிவகாசி அச்சகங்கள் இவரது சாமி படங்களை காலண்டராக அச்சடித்தன. காசு கொடுத்து ஓவியம் வாங்க முடியாத ஏழை வீட்டுக்கும், கடைக்காரர் கொடுத்த இலவச காலண்டராக அவை போய் சேர்ந்தன.

சீடருக்கும் பெயர்

கல்யாணம் செய்து கொள்ளாத கொண்டையராஜுவுக்கு சீடர்கள்தான் குடும்பம். பல படங்களில் தன் பெயரோடு சீடர் டி.எஸ்.சுப்பையா பெயரையும் போட்டார். 1976-ல் காலமானார்.

வீட்டில் பழைய சாமி படம் இருந்தால் அடியில் பாருங்கள். அவரது கையெழுத்து இருக்கலாம்!