ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கல்விக்கடன்

ஆலைகளால் உலகறிந்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவை யாம் ஈண்டு நினைவது அவர்தம் கல்வியுதவி கருதியே. 1839-ல் நவசாரியிற் பிறந்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்ற அவர், மேனாடு சென்று உயர்கல்வி பெற விழையும் மாணவர்க்கென 1892-ல் ஒரு நிதி நிறுவினார். முதற்கண் பயன்பெற்றோருள் மருத்துவப் பெண்மணி பிரேனி காமாவும் ஒருவர்.

அவர் அதனைத் தானமாக்காது கடனாகவே ஈந்தார். கற்றுப் பொருளீட்டியவர் திருப்பிச் செலுத்திய தொகை, அவர் அறியாத மற்றொருவரைக் கப்பலேற்றிற்று. பொருளின்றி வாடியும் பிறர்பால் இரக்க நாணும் பெற்றோர், தலைகுனியாது விண்ணப்பிக்க இஃதொரு வழியாயிற்று.

1904-ல் அவர் ஜெர்மனியிற் காலமான பின்னும் நிதி நிலைத்தது. வறிய குடியிற் பிறந்த கே. ஆர். நாராயணன் அதன் துணையால் இலண்டனிற் பயின்று, 1997-ல் குடியரசுத் தலைவரானார்.

பிறர் பொருளாற் கற்கும் யாம், பின்வரும் மாணவர்க்கு உதவுதலே அப்பெரியார்க்குச் செலுத்தும் கடனாகும்.