மண்ணில் கார்பன் ஏன் குறையுது? சருகையும் சாணத்தையும் உரமாக்கிய ஆல்பர்ட் ஹோவர்ட் கதை

கெலவரப்பள்ளி அணைன்னு சொன்னாலே தென்பெண்ணையில் பொங்கும் நுரைதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா அந்தத் தண்ணீரை நம்பி தக்காளியும் கோஸும் போடும் ஓசூர் பக்கத்து விவசாயிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கு: மண்வள அட்டையில் வரும் ‘அங்ககக் கார்பன்’. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் அதிகம். இந்த ஒரு வரிக்காகவே பாதி வாழ்நாளைச் செலவழித்தவர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

யார் இவர்?

1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்துவிட்டு, 1905-ல் பிஹாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். மனைவி கேப்ரியேலும் தாவர விஞ்ஞானி. பூசா கோதுமை ரகங்கள் இருவரின் உழைப்பு. கேப்ரியேல் பெயரை பலர் விட்டுடறாங்க, அது நியாயமில்லை.

பாடம் சொல்லித்தர வந்தவர், உள்ளூர் விவசாயிகளிடமே பாடம் கற்றார். மண் நல்லா இருந்தால் பயிருக்கு நோய் குறையும் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தூரில் நடந்தது என்ன?

1924-ல் இந்தூரில் தனி ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். அங்கே அவர் முன்னாடி இருந்த சிக்கல் நமக்கும் தெரிந்ததுதான். சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போயிடுது, வயலுக்கு மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எப்படி அதிகமாக்குவது?

பருத்திமார், களை, சருகை அடுக்கி, நடுநடுவே சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் போட்டு, ஈரம் காட்டி, மூன்று முறை கிளறிவிட்டார். சுமார் 90 நாளில் கம்போஸ்ட் ரெடி. யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-ல் இதைப் புத்தகமாக்கினார். தேயிலை, காபி தோட்டங்கள் வரை இந்த முறை போனது.

சரி, கார்பன் எங்கே வருது?

செடி காற்றிலிருந்து எடுக்கும் கார்பன், வேர், தழை வழியாக மண்ணுக்குள் போகுது. நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைத் தின்று மறுபடி காற்றுக்கே அனுப்பிடும். மிச்சம் மட்கி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி ஆழ உழுதால், தாளை எரித்தால், அந்த இருப்பு கரையும். மண்ணில் 1 கிலோ கார்பன் குறைந்தால் சுமார் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஹோவர்ட் காலத்தில் பருவநிலை பற்றிய பேச்சு இல்லை. அவர் கவலையெல்லாம் மட்கு பற்றித்தான்.

1930-ல் கேப்ரியேல் இறந்தார். அடுத்த ஆண்டே ஹோவர்ட் நாடு திரும்பினார். 1934-ல் சர் பட்டம். 1940-க்குப் பிறகு ரசாயன உரத்தையே எதிர்த்தார். அங்கேதான் கொஞ்சம் எல்லை மீறிட்டார்னு சொல்லணும். கோவையில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரப் பரிசோதனையில், தொழு உரத்தோடு ரசாயன உரமும் சேர்ந்த பாத்திகள் நன்றாகவே இருக்கின்றன.

1947 அக்டோபரில் மறைந்தார். அதற்கு முன்பே, 1939-ல், சி.என். ஆச்சார்யா நகரக் குப்பையைக் கிளறாமலேயே மட்கவைக்கும் ‘பெங்களூர் முறை’யை உருவாக்கியிருந்தார். அதே நகரத்தின் கழிவுநீர்தான் இன்று கெலவரப்பள்ளிக்கு வருது. ஒரு எச்சரிக்கை: ஆலைக் கழிவுச் சேற்றை உரக்குழியில் கொட்டாதீங்க. சருகு மட்கும், கன உலோகம் மட்காது.