உங்க போன் வாரன்ட்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு: யார் இந்த வலோடி வைபுல்?

புது போனுடன் வரும் ஒரு வருஷ வாரன்ட்டி உண்மையில் இலவசம் இல்லை. எத்தனை போன் ரிப்பேருக்குத் திரும்பி வரும் என்று கணித்து, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துத்தான் கம்பெனிகள் விற்கின்றன. இந்தக் கணிப்புக்கு அதிகம் பயன்படும் ஃபார்முலாக்களில் ஒன்று, சுவீடனைச் சேர்ந்த வலோடி வைபுல் பெயரில் இருக்கிறது.

படையிலிருந்து பேராசிரியர்

1887-ல் பிறந்த வைபுல், 1904-ல் சுவீடன் கடலோரப் படையில் சேர்ந்தார். பால் பேரிங் தொழிலிலும் வேலை பார்த்தார். 1924-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் ஆனார். டாக்டர் பட்டம் வாங்கியது அதற்குப் பிறகுதான், 1932-ல்!

சங்கிலி சொன்ன பாடம்

ஒரே மாதிரி செய்த இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் உடைகிறது? இதுதான் அவரைத் துரத்திய கேள்வி. சங்கிலியில் பலவீனமான ஒரு கண்ணி அறுந்தால் போதும், மொத்தச் சங்கிலியும் போச்சு. இந்த யோசனையை 1939-ல் கணிதமாக்கினார்.

1951-ல் அமெரிக்காவில் வெளியான அவரது கட்டுரையில் ஏழு உதாரணங்கள். எஃகு, இந்தியப் பருத்தி நூலிழையின் வலிமை, பீன்ஸின் அகலம்... எல்லாவற்றுக்கும் ஒரே ஃபார்முலா. பலர் நம்பவில்லை. பிறகு அமெரிக்க விமானப்படையே அவரது ஆய்வுக்கு நிதி கொடுத்தது.

வாரன்ட்டிக்கு எப்படி உதவுது?

ஃபார்முலாவில் ஓர் எண்தான் ஹீரோ.

- 1-க்குக் கீழே: பழுது ஆரம்பத்திலேயே வரும், போகப்போக ஆபத்து குறையும்.
- சரியாக 1: எப்போது வேண்டுமானாலும் வரலாம்.
- 1-க்கு மேலே: தேய்மானம். வயசாக ஆக ஆபத்து கூடும்.

ஒரு கணக்கு போடலாம். 1 லட்சம் போனில் முதல் வருஷம் 2% பழுதாகும், ஒரு ரிப்பேருக்கு ரூ.3,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ரூ.60 லட்சம். அதாவது, ஒவ்வொரு போனிலும் 60 ரூபாயை கம்பெனி ஒதுக்கி வைக்க வேண்டும். குறைவாக ஒதுக்கினால் நஷ்டம், அதிகமாக ஒதுக்கினால் விலை ஏறும்.

92 வயது வரை

1972-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தின் பதக்கம், 1978-ல் சுவீடன் மன்னர் கையால் தங்கப் பதக்கம். 1979-ல் பிரான்ஸில் காலமானார்.

அடுத்த முறை கடையில் எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி எடுக்கச் சொன்னால், அந்தப் பொருள் இதில் எந்த ரகம் என்று யோசியுங்கள். ஆரம்பத்தில் பழுதாகும் ரகம் என்றால், முதல் வருஷத்தைத் தாண்டியதற்கு ஆபத்து குறைவு. தேயும் ரகம் என்றால், தேய்மானத்துக்கு கவர் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.