தேடுவோர் நேரத்தைக் காத்த சீர்காழிக்காரர்

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். காகிதத்தைக் கட்டி வைப்பது எளிது. வேண்டும்போது எடுப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டைத் தீர்க்கவே ஆயுளைச் செலவிட்டவர், நமது பெங்களூரில் வாழ்ந்து மறைந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, ஆசிரியரானார். பேச்சில் திக்கல் இருந்தும் வகுப்பில் நல்ல பெயர் எடுத்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகம் அவரை நூலகராக நியமித்தது. சில நாட்களிலேயே சலித்துப்போய், கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். பல்கலைக் கழகமோ நூலகப் படிப்புக்காக அவரை லண்டனுக்கு அனுப்பியது.

அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே தகடுகள், அதே திருகாணிகள். மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். நூலின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

ரயில்வேத் தொழிலாளரின் கூலி பற்றிய ஒரு நூலை எங்கே வைப்பது? ரயில்வேயிலா, தொழிலாளரிலா? முன்பிருந்த முறைகள் பெரும்பாலும் தயாராக உள்ள ஓர் அறையில் நூலை அடைத்தன. ரங்கநாதனோ பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என ஐந்து முகங்களைப் பிரித்து, குறியீடுகளால் இணைத்தார். ஆரம்பத்தில் அந்த இணைப்புக்கு முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் கோலன் பகுப்பு எனப் பெயர் வந்தது. அது 1933-ல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதையும் ஒரு விதியாக வைத்தார்.

1945-ல் காசி இந்து பல்கலைக் கழகம் சென்று, சுமார் ஒரு லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். பிறகு டில்லிப் பல்கலைக் கழகத்தில் பணி. 1957-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பர் 27-ல் இங்கேயே காலமானார்.

இன்று ரேஷன் கார்டும் பிள்ளையின் சான்றிதழும் கைப்பேசிக்குள் கிடக்கின்றன. கவுண்டரில் கேட்டால், ஆயிரம் படங்களுக்கு நடுவே விரல் தடுமாறுகிறது. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. கணினித் துறையினரும் இப்போது பல முகங்களைக் கொண்டு தேடும் முறையையே கையாளுகிறார்கள். நாமும் யாருடையது, என்ன ஆவணம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெயரிட்டு வைத்தால் நேரம் மிச்சம். சீர்காழிக்காரர் காட்டிய வழி அது.