டாக்டரம்மாவின் 1927ஆம் வருஷம்



மகப்பேறு உதவித்தொகைக்கு மனு எழுதும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். ஊக்குநர் என்ற முறையில் எங்க ஊர்க் கர்ப்பிணிகள் எத்தனையோ பேருக்கு நான் அந்த மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கேன். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று மலரில் எழுதச் சொன்னார்கள். முழு வாழ்க்கையும் எழுத இடம் போதாது. அதனால 1927ஆம் வருஷத்தை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்பிள்ளைகள் படித்த அந்தக் கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று பலர் எதிர்த்தும் மகாராஜா அனுமதி கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் டாக்டர் ஆனார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார்.

அப்போது நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. ஆனால் சொத்தும் வரியும் உள்ளவங்களுக்கு மட்டும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்லை. சட்டசபையில் உட்கார 1926 வரை எந்தப் பெண்ணுக்கும் உரிமை கிடையாது. உரிமை வந்ததும் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய் தேர்தலில் நின்று, கொஞ்சம் ஓட்டில் தோற்றுப்போனார். அடையாறில் இருந்த இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி பெயரைச் சிபாரிசு செய்ய, அரசாங்கம் அவரை நியமன உறுப்பினர் ஆக்கியது. வைத்தியத்தை விட்டுவிட்டு இதுக்குப் போகணுமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது.

1927 ஜனவரியில் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள், நடுவில் ஒரே ஒரு பெண். பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி என்று அவர் பேசியதெல்லாம் டாக்டர் பேச்சாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. காந்தி கதர் நிதிக்காகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றினார். நவம்பரில் சைமன் கமிஷனை அறிவித்தார்கள். அதில் ஒரு இந்தியர்கூட இல்லை. டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலைதான் லட்சியம் என்று தீர்மானம் போட்டது. இந்த ஆரவாரத்துக்கு நடுவில், அதே நவம்பரில், முத்துலட்சுமி சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க அரசாங்கம் சட்டம் செய்யணும் என்பதுதான் அது. சபை ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒண்ணு கவனிக்கணும். நம்ம குழுவில் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும். அந்தச் சபையில் தீர்மானம் என்றால் வெறும் சிபாரிசுதான். சட்டமா ஆக்குறதும் ஆக்காததும் அரசாங்கத்தின் இஷ்டம். மைனர் பெண்ணை விபசாரத்துக்கு விடுவது தண்டனைச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம்தானே, புதுச் சட்டம் எதற்கு என்பவர்களும் இருந்தார்கள். ஆனால் சாமி பேரில் சடங்காக நடப்பதை எந்தக் கோர்ட்டில் நிரூபிக்க முடியும்?

தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் இதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய இசைக்கலைஞர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் இழந்து, எல்லோரையும் ஒரே மாதிரி கெட்டவர்களாகப் பேசுகிறார்களே என்பது அவர்கள் வேதனை. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்றுதான் எனக்குத் தோணுது. அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ இந்த வழக்கம் ஒழியணும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

விஷயத்தின் முடிச்சு நிலத்தில் இருந்தது. கோயில் பணிக்கு ஈடாகப் பல குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி செய்ய வீட்டில் ஒருத்தி இல்லை என்றால் நிலம் கைவிட்டுப் போகும். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டினால்தான் சோறு. பாட்டி, அம்மா என்று எல்லோரும் அந்த நிலத்தை நம்பி இருக்கும்போது, வேண்டாம் என்று அந்தச் சின்னப் பெண் எப்படிச் சொல்லுவா? டாக்டரம்மா இதைப் புரிந்துகொண்டார். தீர்மானத்தோடு நிற்காமல், இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். அது 1929இல் நிறைவேறியது. அதன்படி, பணி செய்யாமலேயே, கோயிலுக்கு ஒரு தொகையை மட்டும் கட்டிவிட்டு நிலத்தைத் தேவதாசிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம். தடைச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே சோற்றுக்கு வழி செய்த அந்த வேலைதான், என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிசு.

பொட்டுக்கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே வருஷம் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்தச் சமயத்தில், வீட்டைவிட்டு வந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் ஔவை இல்லம். தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அப்போது அவருக்கு 61 வயசு. தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல், 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கிவைத்துவிட்டு, 1968 ஜூலையில் காலமானார்.